பெட்டி போடாத கம்ப்யூட்டர்

நவமணியின் வலக்கை ஆள்காட்டி விரல் பொத்தான்களின்மேல் ஓடிக்கொண்டிருந்தது. இடக்கை விரல், பக்கத்தில் விரித்து வைத்த பள்ளிக்கூட நோட்டில் வரி தவறாமல் இறங்கிக்கொண்டிருந்தது. மூன்று, ஈ. பூஜ்யம், ஒன்பது. டி, மூன்று. எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்த இரட்டைகள், மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு. நடுவில் ஒன்று பிசகினால் மறுபடி முதலிலிருந்து சரிபார்க்க வேண்டும். பெரட்டுக்கு இன்னும் அரை மணி நேரம்தான் இருந்தது. பெயர் வாசிக்கும்போது களத்தில் நிற்காவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை.

“ஆச்சாடி?” என்று வாசலில் நின்று கேட்டாள் இராசம்மா. தோட்டத்து வீடுகள் வரிசையாக நின்ற லயத்தை ஒட்டிய பிள்ளைக் கொட்டகையில், தாய்மார் கொழுந்து எடுக்க மலைக்குப் போனபின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா அவள்.

“பேசாத ஆயா. நூத்தி எம்பதுல நிக்கிறேன்.”

“பெட்ரி எறங்கிப் போனதுக்கு இத்தன கூத்தா? எங்கூட்டு ரேடியோவுக்கு பெட்ரி மாத்துனா ஒடனே பாடுதுலா.”

“ரேடியோவுக்கு ஞாபகம் வேணாம். இதுக்கு வேணும். கரண்டு போச்சுன்னா சொல்லிக் குடுத்த அம்புட்டும் மறந்துடும்.”

“அப்ப எம் புருசன் மாதிரின்னு சொல்லு.”

நவமணி சிரிக்கவில்லை. கடைசி இரட்டையை அடித்துவிட்டு நிமிர்ந்தாள். பள்ளிக்கூடச் சிலேட்டை விடக் கொஞ்சம் பெரிய பச்சைப் பலகை அது. அதன்மேல் மரவட்டை போலக் கால் முளைத்த கறுப்புச் சில்லுகள், முப்பத்தாறு பொத்தான்கள், தலைமாட்டில் ஆறு சிவப்பு இலக்கங்கள். மூடி கிடையாது, பெட்டி கிடையாது. எல்லாம் வெட்டவெளிச்சம். பலகையிலிருந்து ஒரு வயர் கட்டிலடியில் இருந்த லோரி பெட்ரிக்குப் போனது. இன்னொரு வயர் பலகைச் சுவரைத் துளைத்துக்கொண்டு பிள்ளைக் கொட்டகையில் மாட்டியிருந்த மணிக்குப் போனது.

பிரம்பு நாற்காலியில் சாய்த்து வைத்திருந்த அவளுடைய அப்பா ராமையா, போர்வைக்குள்ளிருந்து இடக்கையை வெளியே எடுத்தார். ஒன்பதாம் எண் பொத்தானைத் தேடிப் பிடித்து அழுத்தினார். சுவருக்கு அந்தப் பக்கம் மணி அடித்தது. ஒரு குழந்தை வீறிட்டது. அதைக் கேட்டு இன்னொன்று.

“போச்சு! தூங்க வச்ச ரெண்டையும் எழுப்பி உட்டாரு ஒங்கப்பா!” என்று இராசம்மா ஓடினாள்.

ராமையா சிரிக்க ஆரம்பித்தார். அது நிற்கவில்லை. கண்ணில் நீர் வழிந்து, தோள் குலுங்கி, மூச்சு வாங்கும்வரை சிரித்தார். நவமணி துண்டால் அவர் வாயைத் துடைத்துவிட்டு, சிரிப்பு தானாக ஓயும்வரை நின்றாள். பிறகு கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு பெரட்டுக்குப் போனாள்.

அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

ராமையா ரிங்லெட் ஊருக்கு மேலே மலையில் இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தின் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷம் டிரையர் பார்த்தவர். உருட்டிப் புளிக்க வைத்த இலையைச் சூடான காற்றில் காயவைக்கும் இரும்பு இயந்திரம் அது. ஒரு வீட்டளவு இருக்கும். 1984 ஏப்ரலில் அதன் வாயருகிலேயே விழுந்தார். வயது ஐம்பத்தொன்று. வலக்கையும் வலக்காலும் போயின. பேச்சு முழுக்கப் போனது. நாக்கு வாய்க்குள் கட்டை மாதிரி கிடந்தது. கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி, மோவாயைக் கீழே தாழ்த்திப் பிடித்துக் கொடுத்தால்தான் புரை ஏறாமல் இறங்கும். இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் போட வேண்டும், இல்லாவிட்டால் இடுப்பில் புண் வரும்.

இதெல்லாம் பார்க்கப் பழகிவிடலாம். பழக முடியாதது சிரிப்பும் அழுகையும். இந்த மாதிரி வாதத்தில் மூளை அவற்றின் கடிவாளத்தை விட்டுவிடுகிறது. அவை தாமாக வரும், தாமாகப் போகும். மனசில் இருப்பதற்கும் முகத்தில் வருவதற்கும் சம்பந்தம் இராது. எதிர் லயத்தில் சாவு விழுந்து பாடையைத் தூக்கிக்கொண்டு போனபோது ராமையா வாசலில் உட்கார்ந்து சிரித்தார். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்களைப் பார்த்து ஊளையிட்டு அழுதார். தோட்டம் ஒரே முடிவுக்கு வந்தது. ராமையாவுக்குப் புத்தி கலங்கிவிட்டது.

ஆகஸ்ட் மாதம், வீட்டில் ஆள் இல்லாத ஒரு மத்தியானம், அவர் நாற்காலியிலிருந்து சரிந்து மண்ணெண்ணெய் அடுப்பைத் தட்டிவிட்டார். பலகைச் சுவரில் பாதி கருகியது. பத்து வீடு சேர்ந்த லயம், அத்தனையும் பலகை. அக்கம்பக்கத்தார் ஓடிவந்து அணைத்தார்கள். அதற்கப்புறம் அவர்கள் பயந்ததில் தப்பில்லை. அவர்களுடைய பிள்ளைகளும் அந்தப் பலகைக்குப் பின்னால்தான் தூங்குகின்றன.

தோட்ட ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒருமுறை வரும் டாக்டர் செப்டம்பரில் ராமையாவைப் பார்த்தார். பெயர் கேட்டார், சிரிப்பு வந்தது. எத்தனை பிள்ளை என்று கேட்டார், அதற்கும் சிரிப்பு.

“பாருங்கம்மா, இவரைத் தனியா விடறது ஆபத்து. நீங்க வேலைக்குப் போகாம வீட்ல இருக்க முடியுமா?”

முடியாது. அப்பாவின் பெயர் வேலைப் பதிவிலிருந்து விழுந்தபின் நவமணி கொழுந்து எடுக்கப் பெயர் கொடுத்ததால்தான் அந்த வீடு அவர்கள் கையில் இருந்தது. வேலை செய்யும் ஆள் இல்லாத குடும்பத்துக்கு லயத்தில் வீடு கிடையாது. அம்மா எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டாள். கூடப் பிறந்தவர்கள் இல்லை.

“அப்படின்னா கீழே மனநோய் ஆஸ்பத்திரிக்குத்தான் எழுதணும். கூப்பிட்டா ஆள் வர மாதிரி ஏதாவது ஏற்பாடு இருந்து, கேக்கறது அவருக்குப் புரியுதுன்னு தெரிஞ்சா வேற மாதிரி யோசிக்கலாம்.”

“புரியுது டாக்டர். எல்லாம் புரியுது. சொல்ல வாய்தான் இல்ல.”

“எப்படித் தெரியும்?”

“அடுத்த மாசம் வாங்க. அவரே பதில் சொல்லுவாரு.”

வாய்விட்டபின்தான் எப்படிச் சொல்ல வைப்பது என்று யோசித்தாள். முதலில் படம் போட்ட அட்டைகளைச் செய்து தொடச் சொன்னாள். தொட்டார். ஆனால் பார்த்தவர்கள், அவள்தான் அவர் கையைத் தள்ளுகிறாள் என்றார்கள், இல்லாவிட்டால் அட்டையை விரலடிக்கு நகர்த்துகிறாள் என்றார்கள். அவள் எட்டி நிற்க வேண்டும். அவர் தனியாகச் சொல்ல வேண்டும். சொன்னது எல்லோர் கண்ணுக்கும் தெரிய வேண்டும். அப்போதுதான் டிரங்குப் பெட்டியில் சேலைக்கடியில் கிடந்த பச்சைப் பலகை நினைவுக்கு வந்தது.

நவமணி பத்தொன்பது வயதில் பினாங்குக்குப் போனவள். 1975இல் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு ஆள் எடுக்கத் தோட்டம் தோட்டமாக வேன் வந்தபோது ஏறியவர்களில் ஒருத்தி. வெள்ளைக் கோட்டும் தலைக்குக் குல்லாவும் போட்டுக்கொண்டு ஒன்பது வருஷம் பலகைகளுக்கு ஈயம் வைத்தாள், பிறகு சோதித்தாள். சேர்ந்த புதிதில் அங்கே கம்ப்யூட்டர் என்றால் மாடியில் ஒரு தனி அறை. கண்ணாடிச் சுவர், உள்ளே பீரோ பீரோவாக நிற்கும், டை கட்டியவர்கள் மட்டும் போவார்கள். பெண்கள் ஓய்வு நேரத்தில் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்ப்பார்கள். ஆறேழு வருஷத்தில் அந்த அறையின் மூளை சுருங்கிச் சுருங்கி அவள் மடியில் வந்து உட்கார்ந்தது. லைன் லீடர்களுக்கு ஆறு வாரம் நடந்த வகுப்பில் ஒற்றைப் பலகைக் கம்ப்யூட்டரைக் கொடுத்து, இதற்கு எப்படிக் கட்டளை போடுவது என்று சொல்லிக்கொடுத்தார்கள். வகுப்பில் ஒரே தமிழ்ப் பெண் அவள்தான். அப்பா விழுந்த தந்தி வந்து வேலையை விட்டபோது, வகுப்பெடுத்த இஞ்சினியர், சோதனையில் தேறாத ஒரு பலகையை அவள் கையில் கொடுத்தார். கெட்டுப்போன சில்லு எது என்று அவளே கண்டுபிடித்து மாற்றினாள்.

ரிங்லெட்டில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஷஹாபுதீன் பழைய லோரி பெட்ரி ஒன்றைக் கொடுத்தார். ஐந்து நாளைக்கு ஒருமுறை, காய்கறி ஏற்றும் லோரியில் சார்ஜ் போட்ட பெட்ரி மேலே வரும், இறங்கிப்போனது கீழே போகும். லயத்தில் கரண்டு சாயங்காலம் நாலு மணி நேரம்தான் என்பதால் வேறு வழியில்லை.

“ஏம்மா, சாமான இப்படி அம்மணமா வச்சிருக்க? இந்தா, ஐஸ்கிரீம் வந்த பிளாஸ்டிக் டப்பா. மூடி வைய்யி” என்று, பெட்ரியோடு தானே மேலே வந்த ஒருநாள் ஒரு டப்பாவையும் கொடுத்தார். பொத்தானுக்கு விரல் போகிற மாதிரி அதில் ஓட்டை வெட்ட வேண்டும். கத்தியைக் காய்ச்சி வெட்டலாம், டாக்டர் வந்து போகட்டும் என்று டப்பாவை அலமாரியில் வைத்தாள்.

உண்மையில் அவளுக்கு மூட மனசில்லை. அதற்குத் தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணி சுப்பிரமணியம் காரணம்.

அந்த வருஷம்தான் தோட்ட ஆபீசுக்கும் கம்ப்யூட்டர் வந்தது. கோலாலம்பூர் தலைமை அலுவலகம் அதற்கென்று அறையைக் குளிரவைக்க ஒரு ஏர்கோனையும் அனுப்பியிருந்தது. காலையில் எழுந்தால் மூச்சு புகையாக வரும் மலையில் ஏர்கோன். கிராணி இரண்டு சுவெட்டர் போட்டுக்கொண்டு அந்த அறையில் உட்கார்ந்திருப்பார். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

“ஏம் புள்ள, நீயும் கம்ப்யூட்டர் வச்சிருக்கன்னு ஊரே பேசுது. எங்க ஒன் டிவி?”

“டிவி இல்ல கிராணி ஐயா.”

“டைப்ரைட்டர்?”

“அதுவும் இல்ல.”

“அப்ப என்னாத்தான் இருக்கு? ஏதோ ரேடியோவோட கொடலப் புடுங்கி வெளிய வச்சுக்கிட்டு கம்ப்யூட்டர்ங்கிற.”

“டிவி நீங்க பாக்குறதுக்கு. டைப்ரைட்டர் நீங்க தட்டுறதுக்கு. கம்ப்யூட்டருங்கிறது நடுவுல இருக்கிற இந்த வெரலளவு கறுப்பு. ஒங்க பெட்டியத் தொறந்தாலும் உள்ள இதே மாதிரி ஒரு பலகதான் இருக்கும்.”

“தொறக்கறதா? பெட்டியத் தொறந்தா தொர என் தோலத் தொறந்துடுவாரு” என்று கிராணி சிரித்தார். “ஒரு பெட்டியாச்சும் போடு புள்ள. பெட்டி இருந்தாத்தான் நம்புவாங்க.”

அவள் போடவில்லை. பெட்டி இல்லாமல் எல்லாம் கண்ணுக்குத் தெரிவதில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது. ஒன்பது வருஷ உழைப்பில் அவளுக்கு மிஞ்சிய பெருமை அது ஒன்றுதான்.

ராமையா பத்து நாளில் கற்றுக்கொண்டார். ஒன்று என்றால் தண்ணீர். இரண்டு என்றால் வெளிக்குப் போக. மூன்று என்றால் புரட்டு. ஒன்பது என்றால் ஆள் வேண்டும், அது மணி. நட்சத்திரம் ஒட்டிய பொத்தானை முதலில் அழுத்திவிட்டால் எந்த எண்ணையும் அடித்துக் காட்டலாம். வயது கேட்டால் ஐந்தும் ஒன்றும் எழுந்து நிற்கும். நடுவில் சிரிப்பு வந்தால் கையை எடுத்துக்கொள்வார். சிரிப்பு ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து அடிப்பார். பலகை காத்திருக்கும். அதற்கு அவசரம் இல்லை, முகத்தைப் பார்க்கவும் தெரியாது. மனிதர்கள் யாரும் அவருக்கு அப்படிக் காத்திருக்கவில்லை.

ஒருநாள் சாயங்காலம் அவள் எதுவும் கேட்காமலே அவர் எண் அடித்தார். இரண்டு, பூஜ்யம், பூஜ்யம். அழித்துவிட்டு மறுபடி அதே இருநூறு. மூன்றாம் தடவை அடித்துவிட்டுத் தொழிற்சாலைப் பக்கம் தலையைத் திருப்பினார். நவமணி மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். காற்றில் லேசாகத் தீய்ந்த வாசனை. தொழிற்சாலைக்கு நடந்தாள். புதிதாக டிரையர் பார்க்கும் முனியாண்டி பீடி வாங்கப் போயிருந்தார். உஷ்ணமானியில் முள் இருநூற்று முப்பது பாரன்ஹீட்டைத் தாண்டி நின்றது. இருக்க வேண்டியது இருநூறு.

“வீட்ல ஒக்காந்துக்கிட்டே எங்கழுத்த அறுக்கிறாரே மனுசன்” என்று முனியாண்டி அங்கலாய்த்தார். கிராணி காதுக்கும் அது போயிற்று. அதற்குப் பிறகு அவர் ரேடியோக் குடல் என்று சொல்வதை நிறுத்திக்கொண்டார்.

டாக்டர் வர வேண்டிய நாளுக்கு முந்தின நாள் ஆயுத பூசை வந்தது.

தோட்டத்தில் ஆயுத பூசைக்கு எந்தக் கருவியும் வேலை செய்யாது. கவ்வாத்துக் கத்தி, கூடை, மண்வெட்டி, லோரி, தொழிற்சாலை எல்லாவற்றுக்கும் ஓய்வு. டிரையருக்குப் பொட்டு வைப்பது இருபத்தாறு வருஷமும் ராமையாவின் உரிமை. கரைத்த சந்தனத்தை உள்ளங்கை நிறைய அள்ளி அதன் இரும்புக் கதவில் மூன்று பட்டை இழுப்பார். நடுவில் குங்குமம் வைப்பார். செம்புத் தண்ணீரை மூன்று தடவை தெளிப்பார். மற்றவர்கள் அதற்கப்புறம்தான் தங்கள் இயந்திரத்தைத் தொடுவார்கள்.

“அந்தப் பலகைக்கும் இன்னிக்கி ஒரு நாள் ரெஸ்ட் குடுடி. வயரக் கழட்டி சாமிகிட்ட வையி” என்றாள் இராசம்மா.

“கழட்டுனா மறந்துடும் ஆயா. மறுபடி இருநூத்திப் பன்னெண்டும் அடிக்கணும். விடிஞ்சா டாக்டர் வந்துடுவாரு, அவசரத்துல ஒண்ணு தப்புச்சுன்னா போச்சு. பூ மட்டும் வைக்கிறேன். அது பாட்டுக்கு இருக்கட்டும்.”

சாமி படத்துக்கு முன்னால், ஸ்டூல்மேல் போட்ட மணையில் பலகையை வைத்தாள். வயர் எட்டியது. ஆறு சிவப்பு இலக்கங்களும் எரிந்துகொண்டிருந்தன. பக்கவாட்டில் ஒரு சாமந்திப் பூ. அப்பாவின் நாற்காலியையும், அவர் பூசையைப் பார்க்கட்டும் என்று, மணைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். சந்தனக் கிண்ணமும் தண்ணீர்ச் செம்பும் அங்கேயே இருந்தன. பிறகு, தொழிற்சாலைப் பூசையில் பொங்கலும் சுண்டலும் வாங்கி வரப் போனாள். போய் வர இருபது நிமிஷம்.

திரும்பி வந்தபோது வாசலிலேயே அந்த நாற்றம் மூக்கில் ஏறியது. பினாங்கில் ஒன்பது வருஷம் முகர்ந்த நாற்றம். சில்லு எரியும் நாற்றம்.

பலகையில் மூன்று சந்தனப் பட்டைகள். ஓரத்திலிருந்து ஓரம்வரை, கோணல் இல்லாமல், உள்ளங்கை அகலத்துக்கு. நடுவில் இருந்த பெரிய சில்லின்மேல் வட்டமாகக் குங்குமம். மணை நனைந்திருந்தது. பெட்ரியிலிருந்து வருவது பன்னிரண்டு வோல்ட். சில்லு தாங்குவது ஐந்து. இரண்டையும் பிரித்து வைத்திருந்த இடத்தில் ஈரச் சந்தனம் பாலம் போட்டுவிட்டது. ஆறு இலக்கமும் அணைந்திருந்தன.

ராமையா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவருடைய இடக்கை மணிக்கட்டுவரை மஞ்சளாக இருந்தது. அவர் முகத்தில் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. விழுந்த நாளிலிருந்து அவர் முகம் அத்தனை ஒழுங்காக இருந்ததில்லை. தன் வேலையைச் சரியாக முடித்த ஆள் முதலாளியைப் பார்ப்பதுபோல் மகளைப் பார்த்தார்.

நவமணி அந்தக் கையில் ஓங்கி அடித்தாள்.

இரண்டு தடவை அடித்தாள். மூன்றாவது தடவை கை ஓங்கியபோது இராசம்மா வந்து பிடித்துக்கொண்டாள்.

“அவருக்கு என்னாடி தெரியும்? நீ சொன்னியா, தண்ணி படக்கூடாதுன்னு?”

சொல்லவில்லை. எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள், எப்படி அழுத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். ஈரம் ஆகாது என்று மட்டும் சொல்லவில்லை. ராமையா தன் வாழ்நாளில் தொட்ட இயந்திரம் எல்லாம் இரும்பு. மழையில் நிற்கும், தண்ணீர் ஊற்றிக் கழுவலாம், சந்தனம் பூசினால் காய்ந்து உதிரும். இந்தப் பலகை அவருக்கு வாயாக இருந்தது, கையாக இருந்தது. அதற்கு ஒரு பொட்டு வைக்காமல் பூசை முடிந்தால் அவருக்கு எப்படி மனசு கேட்கும்? ஒரு பைத்தியத்துக்கு இது தோன்றுமா? அவருக்குப் புத்தி இருக்கிறது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. அந்தச் சாட்சிதான் பலகையைக் கொன்றது.

வயரைக் கழற்றினாள். பல் தேய்க்கும் பிரஷ்ஷால், ஆஸ்பத்திரி ஸ்பிரிட்டைத் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு சில்லின் காலுக்கிடையிலும் தேய்த்தாள். அடுப்புச் சூட்டில் காட்டினாள். மறுபடி வயரை மாட்டினாள். எதுவும் எரியவில்லை. பொத்தான்களை அழுத்திப் பார்த்தாள். நோட்டைப் பிரிக்கத் தேவை இருக்கவில்லை. அதைக் கேட்டுக்கொள்ள உள்ளே எதுவும் உயிரோடு இல்லை. கூட்டாளி ஒருத்திக்குப் பினாங்குக்கு எழுதிச் சில்லு வரவழைக்கலாம். அதற்கு மூன்று வாரம் ஆகும்.

அலமாரியில் ஐஸ்கிரீம் டப்பா அப்படியே இருந்தது.

காலையில் ராமையாவை நாற்காலியோடு தூக்கி ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்தார்கள். நவமணி பலகையையும் எடுத்துப் போனாள். எடுத்துப் போகாமல் இருந்திருக்கலாம். மருந்துக்கு நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். கிராணி சுப்பிரமணியம் தாள்களோடு டாக்டர் பக்கத்தில் இருந்தார்.

“இதுலதான் பதில் சொல்லுவாருன்னீங்களா?” டாக்டர் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது என்ன, கால்குலேட்டரா?”

“கம்ப்யூட்டர் டாக்டர். நேத்து வரைக்கும் வேல செஞ்சுச்சு. ரோசாக் ஆயி நின்னுடுச்சு. மூணு வாரம் குடுங்க, சரி பண்ணிடறேன்.”

“இடுக்குல மஞ்சளா என்ன இது?”

“சந்தனம். ஆயுத பூசைக்கு அப்பா வச்சாரு.”

“கரண்டு ஓடிட்டிருக்கும்போதா?”

ஆமாம் என்று நவமணி தலையசைத்தாள். பொய் சொல்லியிருக்கலாம். நான்தான் வைத்தேன் என்றிருக்கலாம். அது பிறகுதான் தோன்றியது.

கிராணி குறுக்கிட்டார். “டாக்டர், இவரு இருபத்தாறு வருசமா டிரையருக்கு இதே மாதிரிதான் செய்வாரு. பழக்கம். புத்தி நல்லாத்தான் இருக்கு. போன வாரம் வீட்ல இருந்தே டிரையர் சூடு ஏறுனதச் சொன்னாரு.”

“நானும் என் காருக்குப் பூசை போட்டேன் கிராணி. எஞ்சின் ஓடும்போது உள்ளே தண்ணி ஊத்தல.” டாக்டர் ஏளனமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார். “ஆகஸ்ட்ல நெருப்பு, இந்த மாசம் கரண்டு. அடுத்து என்ன? பக்கத்துல பிள்ளைக் கொட்டகை இருக்கு.”

“ஒரு நிமிசம் டாக்டர். தட்டிக் காட்டுவாரு.” நவமணி அப்பாவின் முன்னால் குந்தினாள். “அப்பா. பலகை இல்லாட்டிப் பரவால்ல. வெரலால நாற்காலில தட்டுங்க. எத்தன புள்ளைங்க ஒங்களுக்கு? ஒண்ணு. ஒரு தட்டுதான் அப்பா. தட்டுங்க.”

ராமையாவின் இடக்கை தொடைக்கு அடியில் இருந்தது. முந்தின நாள் அடி வாங்கியதிலிருந்து அவர் அதை வெளியே எடுக்கவே இல்லை. காலைக் கஞ்சி குடிக்கும்போதும் எடுக்கவில்லை. அவள் மெதுவாக இழுத்தாள். அவர் இறுக்கிக்கொண்டார். அவள் கெஞ்சினாள். அவர் அவளைப் பார்த்தார். பிறகு சிரிப்பு கிளம்பியது. தோள் குலுங்கியது, எச்சில் வழிந்தது. வரிசையில் நின்ற பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அது ஓய்வதற்குள் டாக்டர் தாளில் எழுதி முடித்துவிட்டார்.

“நாளைக்குக் காலையில வேன் வரும்” என்றார்.

மறுநாள் நவமணி விடியுமுன் எழுந்து வெந்நீர் வைத்தாள். அப்பாவைத் துடைத்துவிட்டாள். இடுப்பில் பவுடர் போட்டாள். புண் எதுவும் இல்லாமல்தான் அனுப்பினாள். இடக்கையைக் கேட்டாள். இந்தத் தடவை அவர் கொடுத்தார். நகக்கண்ணில் சந்தனம் காய்ந்திருந்தது. ஊக்கால் ஒவ்வொரு நகமாக எடுத்து, நகத்தை வெட்டி, கையைக் கழுவித் துடைத்தாள்.

ஓர் அட்டையில் தமிழிலும் மலாயிலும் எழுதினாள். இவருக்கு எல்லாம் புரியும். ஒன்று தண்ணீர். இரண்டு வெளிக்கு. மூன்று புரட்டு. ஒன்பது ஆள் வேண்டும். கஞ்சி கெட்டியாக, மோவாயைத் தாழ்த்தி. சிரித்தால் காத்திருக்கவும். அதை அவர் சட்டையில் ஊக்கு வைத்துக் குத்தினாள்.

ஆறு மணிக்கு வேன் வந்தது. கூட வந்த பணியாள் வாட்டசாட்டமாக, நல்ல மாதிரியாக இருந்தான். ராமையாவை அலுங்காமல் தூக்கி உட்கார வைத்து, பட்டையால் கட்டினான். ஊக்கு குத்திவிடும் என்று அட்டையைக் கழற்றி, மடித்துத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். கதவைச் சாத்தினான்.

கண்ணாடிக்குப் பின்னால் இடக்கை மேலே வந்தது. ஒரு விரல் கண்ணாடியைத் தட்டியது. நவமணி எண்ணினாள். ஒன்பது. விரல் நின்றது. மறுபடி ஒன்பது.

“எப்பவும் இப்படித்தான் தட்டுவாரா?” என்று பணியாள் ஜன்னல் வழியாகக் கேட்டான்.

“ஆள் வேணும்னு அர்த்தம்” என்றாள் நவமணி.

“சரிம்மா” என்றான் அவன்.

வேன் வளைவில் இறங்கும்வரை இராசம்மா வாசலில் நின்றாள். நவமணி நிற்கவில்லை. உள்ளே போய்ப் பெட்ரியின் வயரைச் சுருட்டி, லோரியில் கீழே அனுப்ப வாசலில் எடுத்து வைத்தாள். பலகையை ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு மூடினாள். சரியாக அடங்கியது. கூடையை மாட்டிக்கொண்டு பெரட்டுக்களத்துக்கு நடந்தாள். கங்காணி பெயர் வாசித்தபோது இருக்கேன் என்றாள். அன்றைக்குக் கொழுந்து எடுக்க அவளுக்குப் பதினேழாம் நம்பர் மலை.